கூழ் வரிசையில் அடையாள அட்டை கேட்கும் தீர்மானத்தைத் திரும்பப் பெறுங்கள்

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் உள்ள நம் கோயிலின் அறங்காவலர்களுக்கும், அவர்களோடு சேர்ந்து தீர்மானம் நிறைவேற்றிய குடியிருப்போர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும்:

சென்ற மாதம் நீங்கள் கூட்டாக நிறைவேற்றிய தீர்மானத்தின் நகல் என் கையில் இருக்கிறது. கோயில் மண்டபத்தில் மாதந்தோறும் நடக்கும் இலவச மருத்துவ முகாமிலும், ஞாயிறு அன்னதானத்திலும், வரப்போகும் ஆடிக் கூழ் ஊற்றும் நாளிலும், தென்னாப்பிரிக்க அடையாள அட்டையோ காலாவதியாகாத விசாவோ காட்டுபவர்களை மட்டுமே உள்ளே விட வேண்டும் என்று அது சொல்கிறது. சட்டவிரோதக் குடியேற்றத்துக்கு எதிரான மக்கள் போராட்டத்தில் நம் சமூகத்தின் பங்கு இது என்று முன்னுரையில் எழுதியிருக்கிறீர்கள். நான் இந்தக் கோயிலின் உறுப்பினர். அரசு மருத்துவமனைகளில் பிரசவ வார்டுச் செவிலியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நீங்கள் குறிப்பிடும் அந்த முகாமில் இரத்த அழுத்தம் பார்க்கும் மேசையில் உட்காருபவள். இந்தத் தீர்மானத்தை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இதைப் பற்றிக் கூட்டத்தில் பேச நேரம் கேட்டேன், நிகழ்ச்சி நிரலில் இடமில்லை என்று பதில் வந்தது. ஆகவே ஊரறிய எழுதுகிறேன்.

ஒரு நாட்டுக்கு எல்லை வேண்டும், அதைக் காக்க ஆள் வேண்டும், அனுமதியின்றி வருபவரைச் சட்டப்படி திருப்பி அனுப்பும் உரிமை அரசுக்கு உண்டு என்பதில் எனக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. ஆறு நாடுகளைச் சுற்றிலும் கொண்ட நாடு இது. நம் குவாசூலு-நேட்டால் மாகாணத்தின் வடகோடியில், மங்கூசிப் பக்கம், திருட்டு வண்டிகளை மணல் பாதையில் மொசாம்பிக்குக்கு ஓட்டிப் போகிறார்கள் என்று அங்குள்ள மக்கள் ஆண்டுக்கணக்கில் கூக்குரலிட்ட பிறகுதான் அரசு எல்லையில் கான்கிரீட் தடுப்பு வைத்தது. எல்லை மேலாண்மை ஆணையம் தனி அமைப்பாக இயங்கத் தொடங்கியதே 2023-இல்தான். தாமதம் உண்டு, லஞ்சம் உண்டு, அதையெல்லாம் நான் மறைக்க வரவில்லை. ஆனால் அரசு கைகட்டி நிற்பதால் நாமே இறங்க வேண்டியிருக்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பது உண்மைக்குப் பொருந்தவில்லை. 2024-25 நிதியாண்டில் மட்டும் 46,898 பேரை நாடு கடத்தியதாக உள்துறை அறிவித்தது. அது போதாது என்று நினைத்தால் உள்துறையிடம் கேளுங்கள். பசித்து வந்தவரிடமும் நோயோடு வந்தவரிடமும் கேட்காதீர்கள்.

மக்களின் கோபம் எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். விடியற்காலை நான்கு மணிக்குக் கிளினிக் வாசலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து, பதினொரு மணிக்கு உள்ளே போய், சர்க்கரை மாத்திரை வரவில்லை என்ற பதிலோடு திரும்புகிற நம் பெண்களை நான் நாள்தோறும் பார்க்கிறேன். அவர்களுக்கு முன்னால் வரிசையில் நிற்கும் ஒருத்தி வேற்று மொழி பேசினால், அந்த மாத்திரையை அவள்தான் எடுத்துக்கொண்டாள் என்று தோன்றிவிடுகிறது. நான் வேலை பார்த்த வார்டில், ஓய்வு பெற்றவர்களின் இடத்துக்கு ஆள் போடவில்லை. இரவுப் பணியில் இருவர் பார்க்க வேண்டிய வேலையை ஒருத்தி பார்த்தாள். குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கும் கருவி பழுதானால் திருத்தி வர மாதங்கள் ஆகின. அந்த வார்டில் காங்கோப் பெண்களும் ஜிம்பாப்வேப் பெண்களும் பிள்ளை பெற்றார்கள், உண்மைதான். எங்கள் கைகள் போதாமல் போனது அவர்களால் அன்று. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டின் மக்கள் 6 கோடியே 20 லட்சம் பேர். அவர்களில் வெளிநாட்டில் பிறந்தவர்கள், முறையான அனுமதியோடு இருப்பவர்களையும் சேர்த்து, சுமார் 24 லட்சம். நூறு பேருக்கு நான்கு பேர்கூட இல்லை. அந்த நாலு பேரையும் நாளைக்கே விரட்டினாலும் காலியான செவிலியர் பணியிடம் நிரம்பாது, தீர்ந்துபோன மருந்து வந்து சேராது. இதைச் சொல்ல வேண்டிய பொறுப்பு என்னைப் போல் அந்த வார்டுகளில் நின்றவர்களுக்கு உண்டு.

இனி முகாம் நாளன்று நடந்ததைச் சொல்கிறேன். தீர்மானம் வந்த பிறகு நடந்த முதல் முகாம் அது. வாசலில் சங்கத்தின் பச்சை மேலங்கி அணிந்த இரண்டு இளைஞர்களை நிறுத்தியிருந்தீர்கள். நான் உள்ளே மேசையில் இருந்தேன். நடுப்பகலுக்குச் சற்று முன், முகாமுக்கு வந்திருந்த ஒரு பெண் என் பக்கத்தில் குனிந்து, வெளியே ஒரு கர்ப்பிணி சுவரோரம் உட்கார்ந்திருக்கிறாள், அவளை விடவில்லை என்றாள். போய்ப் பார்த்தேன். காங்கோவில் இருந்து வந்தவள், எட்டு மாதக் கர்ப்பம். செருப்பின் வார் பதிந்த இடம் பள்ளமாகத் தெரியும் அளவுக்குக் கால் வீங்கியிருந்தது. தலை வலிக்கிறது, கண்ணில் மின்னுகிறது என்று கையால் காட்டினாள். பிரசவ வார்டில் நின்ற எவருக்கும் அந்த மூன்றும் சேர்ந்தால் என்னவென்று தெரியும். பிரஷர் பார்க்கும் கருவியை எடுத்து வந்து நடைபாதையிலேயே பார்த்தேன்: 170-க்கு 110. எந்த நேரமும் வலிப்பு வரலாம், தாயும் போகலாம், குழந்தையும் போகலாம் என்கிற அளவு அது. என் மருமகன் காரில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அன்றிரவே அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். இருவரும் பிழைத்தார்கள்.

அவளிடம் காகிதம் இல்லாமல் இல்லை. புகலிடம் கோரி விண்ணப்பித்தவர்களுக்கு உள்துறை தரும் அனுமதித் தாள் இருந்தது. அதைப் புதுப்பிக்க விண்ணப்பித்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாள். தாளில் அச்சிட்ட தேதி கடந்துவிட்டது. வாசலில் நின்ற பையன் அந்தத் தேதியை மட்டும் பார்த்தான். அவனை நான் குறை சொல்லவில்லை, பத்தொன்பது வயதுப் பிள்ளை. ஒரு கர்ப்பிணியின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அவள் கையிலுள்ள தேதியைப் பார்க்கும்படி அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது உங்கள் தீர்மானம்.

அதே வாசலில் அன்று திருப்பி அனுப்பப்பட்ட இன்னொருவரைப் பற்றியும் நீங்கள் அறிய வேண்டும். கோயிலுக்குக் கீழேயுள்ள தகரக் குடிசைப் பகுதியில் பேரப்பிள்ளைகளோடு வாழும் ஜூலு மூதாட்டி அவர். ஆண்டுதோறும் ஆடிக் கூழுக்குத் தூக்குப் பாத்திரத்தோடு வருவார். நம் பெண்கள் எல்லோரும் அவரைக் கோகோ, அதாவது ஜூலுவில் பாட்டி, என்றுதான் கூப்பிடுவார்கள். இந்த மாகாணத்தில் பிறந்தவர், வேறு நாட்டு மண்ணை மிதித்தறியாதவர். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் அவருடைய குடிசை சரிந்தபோது அடையாள அட்டையும் போயிற்று; மாற்று அட்டைக்குப் போகும்போதெல்லாம் கணினி இயங்கவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அட்டையே கையில் இருந்தாலும் அது செல்லும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட அடையாள எண்களை உள்துறை முடக்கி வைத்திருந்ததையும், முன்னறிவிப்பும் விசாரணையும் இல்லாமல் அப்படி முடக்கியது அரசமைப்புக்கு முரணானது என்று 2024 ஜனவரியில் பிரிட்டோரியா உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும் நீங்கள் படித்திருப்பீர்கள். அந்த முடக்கத்தில் சிக்கியவர்களில் இந்நாட்டுக் குடிமக்களும் இருந்தார்கள்.

அன்று வாசலைக் கடந்து உள்ளே வந்த எங்களில் எவரிடமும் அட்டை கேட்கப்படவில்லை. என்னிடம் கேட்கவில்லை. எனக்குப் பின்னால் வந்த நம்மவர்களில் ஒருவரிடமும் கேட்கவில்லை. கறுப்பினத்தவரிடம் மட்டும் கேட்டார்கள். இது தீர்மானத்தில் எழுதப்படவில்லை என்று நீங்கள் சொல்வீர்கள். எழுதத் தேவையில்லை, முகத்தைப் பார்த்து ஆளைப் பிரிக்காமல் இப்படி ஒரு சோதனையை நடத்தவே முடியாது. கோகோ திரும்பிப் போகும்போது தம் பேத்தியிடம் ஜூலுவில் சொன்னதைக் கேட்டவர்கள் என்னிடம் சொன்னார்கள்: என் நாட்டில், என் மண்ணில், என்னிடம் அட்டை கேட்க இவர்கள் யார் என்றாராம். 1949 ஜனவரியில் டர்பனில் கறுப்பினத்தவருக்கும் இந்தியருக்கும் இடையே மூண்டு 142 உயிர்கள் போன கலவரத்தை நம் தாய்மார்கள் சொல்லிக் கேட்டு வளர்ந்தோம். 2021 ஜூலைக் கலவரத்தின்போது, இந்தியர் மிகுந்து வாழும் ஃபீனிக்ஸ் தெருக்களில் கறுப்பினத்தவர் கொல்லப்பட்டது இன்னும் ஆறாத புண். அப்படிப்பட்ட ஊரில், ஒரு தமிழ்க் கோயிலின் வாசலில் நம் பிள்ளைகளை நிறுத்திக் கறுப்பினத்தவரின் அட்டையைச் சோதிக்கச் சொல்லியிருக்கிறீர்கள். இதன் விளைவை யாராவது உட்கார்ந்து யோசித்தீர்களா?

சட்டத்தைக் காப்பாற்றத்தான் இதைச் செய்தோம் என்கிறீர்கள். அந்தச் சட்டம் வேறு சொல்கிறது. ஒருவரை நிறுத்தி, நீ யார், உன் அனுமதி எங்கே என்று கேட்கும் அதிகாரத்தை 2002-ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம், அதன் 41-ஆம் பிரிவில், குடிவரவு அதிகாரிக்கும் காவல்துறை அதிகாரிக்கும் மட்டுமே தருகிறது. 2025-இல் டர்பனின் அடிங்டன் மருத்துவமனை வாயிலில் போராட்டக்காரர்கள் நின்று நோயாளிகளிடம் அட்டை கேட்டதை நாம் எல்லோரும் பார்த்தோம். அதே ஆண்டு நவம்பரில் ஜோகன்னஸ்பர்க் உயர்நீதிமன்றம், வெளிநாட்டவரை எதிர்த்து இயங்கும் ஆபரேஷன் டுடுலா அமைப்புக்கு எதிரான வழக்கில், தனியாருக்கு அந்த அதிகாரம் இல்லை என்றும், மருத்துவ நிலையங்களுக்கும் பள்ளிகளுக்கும் செல்வோரைத் தடுக்கக் கூடாது என்றும் தெளிவாகச் சொன்னது. அரசமைப்பின் 27-ஆம் பிரிவு மருத்துவ வசதி பெறும் உரிமையை எல்லோருக்கும் என்றே எழுதுகிறது. அவசர சிகிச்சையை எவருக்கும் மறுக்கலாகாது என்கிறது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் அரசு மருத்துவம் இலவசம் என்ற விதி, கையில் எந்தக் காகிதம் இருக்கிறது என்பதைச் சார்ந்ததல்ல என்று 2023 ஏப்ரலில் அதே உயர்நீதிமன்றம் உறுதிப்படுத்தியது.

காகிதமில்லாதவருக்குச் சோறு போட்டால் கோயிலுக்கு வழக்கு வரும் என்று உங்களில் ஒருவர் என்னிடம் நேரில் சொன்னார். அச்சப்பட வேண்டாம். சட்டவிரோதமாக இருப்பவருக்கு உதவக் கூடாது என்று சொல்லும் குடிவரவுச் சட்டத்தின் 42-ஆம் பிரிவே, மனிதாபிமான அடிப்படையில் தேவைப்படும் உதவியை அந்தத் தடையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. ஒரு கரண்டிக் கூழும் ஒரு பிரஷர் சோதனையும் அந்த விலக்குக்குள் வராது என்றால் வேறு எது வரும்?

சட்டவிரோதம் என்ற முத்திரை ஒரு மனிதர்மீது எப்படி விழுகிறது என்பதை நம் கோயிலிலேயே பார்த்திருக்கிறோம். நம் குருக்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். அவருடைய விசாவை நீட்டிக்க உரிய காலத்தில் விண்ணப்பித்தோம். பதில் வராமலேயே பழைய விசாவின் தேதி முடிந்தது. மாதக்கணக்கில் அவர் வெளியூர்க் கல்யாணத்துக்குப் போகப் பயந்தார், வண்டி ஓட்டப் பயந்தார், ஊரில் தாயார் இறந்தபோது போனால் திரும்ப விடமாட்டார்கள் என்று போகாமலேயே இருந்தார். அப்போது நாம் அவரைக் காட்டிக் கொடுத்தோமா? இல்லை; வழக்கறிஞரை அமர்த்தினோம், உண்டியல் வைத்துப் பணம் திரட்டினோம், அமைச்சருக்கு மனு எழுதினோம். செய்ய வேண்டியதைத்தான் செய்தோம். நடைபாதையில் உட்கார்ந்திருந்த அந்தக் காங்கோப் பெண்ணின் நிலையும் இதுதான்: விண்ணப்பித்தாள், பதில் வரவில்லை, தேதி முடிந்தது. சுமார் 1,78,000 ஜிம்பாப்வேக்காரர்களின் சிறப்பு அனுமதியும் இப்படித்தான் கடைசி நேரத்தில் நீட்டிக்கப்பட்டு நீட்டிக்கப்பட்டு, இப்போது 2027 மே 28 வரை என்று வந்து நிற்கிறது. பல ஆண்டுகளாக முறையாகப் பதிந்து, வரி கட்டி, இங்கே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியவர்கள் ஒவ்வொரு முறையும் அமைச்சரின் ஒரு கையெழுத்துக்காகக் காத்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், சொல்வது உங்களுக்குக் கசக்கும். தீர்மானத்தில் கையெழுத்திட்டவர்களில் கடைக்காரர்கள் இருக்கிறீர்கள், தையல் பட்டறை நடத்துபவர்கள் இருக்கிறீர்கள், கட்டட ஒப்பந்தக்காரர்கள் இருக்கிறீர்கள். உங்கள் கிட்டங்கியில் மூட்டை தூக்கும் மலாவி இளைஞனுக்கும், உங்கள் வீட்டில் துணி துவைக்கும் லெசோத்தோப் பெண்ணுக்கும் என்ன காகிதம் இருக்கிறது? 2025 மார்ச்சில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28 ரேண்ட் 79 சென்ட் என்று அரசு நிர்ணயித்தபோது அவர்களுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்? அனுமதியில்லாதவர் என்று தெரிந்தே வேலைக்கு வைப்பது அதே குடிவரவுச் சட்டத்தின்படி குற்றம். அவர்கள் குறைந்த கூலிக்கு வருவதால் நம் பிள்ளைகளுக்கு வேலை இல்லை என்று கூட்டத்தில் பேசினீர்கள். அந்தக் குறைந்த கூலியை நிர்ணயிப்பவர்கள் யார்? வாரத்தில் ஆறு நாள் அவர்களுடைய உழைப்பை வாங்கிக்கொண்டு, ஏழாம் நாள் அவர்களுடைய சோற்றுத் தட்டுக்கு மட்டும் அட்டை கேட்பது நியாயமில்லை.

நம் முன்னோர் ஒப்பந்தத்தின் பேரில் முறையாக வந்தவர்கள், இவர்களோடு நம்மை ஒப்பிடாதீர்கள் என்று ஓர் அறங்காவலர் சொன்னாராம். 1860 நவம்பர் 16-ஆம் நாள் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து நம்மவர்களை டர்பனில் கொண்டுவந்து இறக்கியது முறைப்படிதான். அதன் பிறகு என்ன நடந்தது? கரும்புத் தோட்டத்தை விட்டு வெளியே போகச் சீட்டு வேண்டும், சீட்டு இல்லாமல் அகப்பட்டால் சிறை. ஒப்பந்தம் முடிந்தபின் இங்கேயே தங்க நினைத்தவர்கள்மீது, கூலியாக மீண்டும் கையெழுத்திடு, இல்லாவிட்டால் திரும்பிப் போ என்று நெருக்குவதற்காகவே, ஆண்டுக்கு 3 பவுன் வரி விதித்தது 1895-ஆம் ஆண்டுச் சட்டம். 1897 ஜனவரி 13 அன்று, கூர்லாந்து, நாதேரி என்ற இரண்டு கப்பல்களில் வந்த இந்தியர்களை இறங்க விடமாட்டோம் என்று டர்பன் பாயிண்ட் துறைமுகத்தில் வெள்ளையர் கூட்டம் திரண்டது. ஆசியப் படையெடுப்பைத் தடுக்கிறோம் என்றார்கள். அன்று இறங்கி நடந்த காந்தியை அடித்தார்கள், காவல் கண்காணிப்பாளரின் மனைவி குடையை விரித்துக் குறுக்கே நின்று காப்பாற்றினார். அதே ஆண்டு வந்த குடிவரவுத் தடைச் சட்டம், ஐரோப்பிய மொழி ஒன்றில் விண்ணப்பம் எழுதும் திறமை இல்லாதவர் நேட்டாலில் நுழையக் கூடாது என்றது. ஒப்பந்தக் கூலிகளுக்கு மட்டும் அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு. உழைக்க வரலாம், வாழ வரக் கூடாது என்பதே அதன் பொருள். அந்தப் பாயிண்ட் துறைமுகத்துக்குப் பக்கத்தில்தான் அடிங்டன் மருத்துவமனை இருக்கிறது.

இந்நாட்டில் தலைமுறை தலைமுறையாகப் பிறந்த பிறகும், 1961 வரை நம்மை இந்நாட்டின் நிரந்தரக் குடிகள் என்று அரசு ஏற்கவில்லை. பணம் கொடுத்தாவது கப்பலேற்றிவிட வேண்டும் என்பதே அதன் கொள்கையாக இருந்தது. இந்திய, தென்னாப்பிரிக்க அரசுகளின் 1927 உடன்படிக்கைக்குப் பிறகு அப்படிக் கப்பலேறிய பக்கத்து வீட்டுக் குடும்பத்தைப் பற்றி என் ஆயா சொல்வார். ஊரில் போய் இறங்கியவர்களை அங்கே யாரும் உறவென்று சேர்த்துக்கொள்ளவில்லை என்பார். 1970களின் நடுப்பகுதி வரை ஒரு மாகாணத்திலிருந்து இன்னொரு மாகாணத்துக்குப் போக நமக்கு அனுமதித் தாள் வேண்டும். ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருந்த அத்தை வீட்டுக்குப் போகும்போது என் அப்பா அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டையின் உள்பையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஊர் தாண்டும்போதும் அதைத் தொட்டுப் பார்ப்பார். ஃப்ரீ ஸ்டேட்டில் இந்தியர் இரவு தங்க முடியாது என்பதால், ஹாரிஸ்மித்தை இருட்டுவதற்குள் தாண்டிவிட வேண்டும் என்று அம்மா புளிச்சோறு கட்டிக்கொண்டு, வண்டியை நிறுத்தாமலே எங்களுக்கு ஊட்டுவார். உங்களில் என் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் இப்படி ஒரு பயணம் நினைவிருக்கும். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லியிருக்கிறீர்களா?

கோயில் மண்டபத்தில் தில்லையாடி வள்ளியம்மையின் படத்தை மாட்டி, ஒவ்வொரு பிப்ரவரியும் மாலை போடுகிறீர்கள். அவர் எதற்காகச் சிறை போனார்? 1913-இல் நேட்டாலுக்கும் டிரான்ஸ்வாலுக்கும் இடையிலிருந்த எல்லையை, காகிதம் காட்ட மறுத்துக் கடந்தவர்களுள் ஒருவர் அவர். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த அந்தப் பெண் மாரிட்ஸ்பர்க் சிறையில் காய்ச்சலோடு கிடந்து, வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தபோது வயது பதினாறுதான். அதே 1913-இல் சுரங்க வேலையை விட்டு, டிரான்ஸ்வாலின் வால்க்ஸ்ரஸ்ட் எல்லையை நோக்கி நடந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களும் அவர்களோடு நடந்த பெண்களும் பிள்ளைகளுமாகச் சென்றவர்களில் பலர் நம் மொழி பேசியவர்கள். அன்றைய சட்டத்தின் கண்ணில் அவர்கள் அத்தனை பேரும் சட்டவிரோதமாக எல்லை கடந்தவர்கள். எல்லாக் காலத்திலும் எல்லாச் சட்டமும் ஒன்று என்று நான் வாதிடவில்லை. இன்றைய அரசு நாம் வாக்களித்துத் தேர்ந்த அரசு, அதன் எல்லைச் சட்டத்துக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்தப் படத்துக்குக் கீழேயே மேசை போட்டு, காகிதம் இல்லாதவளுக்குச் சோறில்லை என்று சொல்வதை அந்தப் பெண்ணின் பெயரால் நான் எதிர்க்கிறேன்.

2008 மே மாதம் ஜோகன்னஸ்பர்க்கின் அலெக்சாந்திராவில் வெளிநாட்டவருக்கு எதிராகத் தொடங்கி நாடெங்கும் பரவிய வன்முறையில் இறந்த 62 பேரில் 21 பேர் தென்னாப்பிரிக்கக் குடிமக்கள். தெருவில் நிற்கும் கூட்டம் அட்டையைச் சரிபார்த்து அடிப்பதில்லை. 2015 ஏப்ரலில் டர்பனில் அது மறுபடி நடந்தபோது, வீடிழந்து ஓடிவந்தவர்களுக்காக இதே சாட்ஸ்வொர்த்தில் மைதானத்தில் கூடாரம் போட்டார்கள். அன்று பெரிய அண்டாவில் சோறும் பருப்பும் சமைத்துக் கொண்டுபோனது இந்தக் கோயில்தான். கரண்டி பிடித்து நின்றவர்களில் இன்றைய செயலாளரும் ஒருவர். எவரிடமும் காகிதம் கேட்கவில்லை. அப்போது நம் சமூகத்துக்கு எந்தக் கேடும் வரவில்லை. இன்றும் அந்தக் கூடாரத்தில் இருந்தவர்கள் என்னைத் தெருவில் கண்டால் நின்று வணக்கம் சொல்கிறார்கள்.

என் கோரிக்கைகள் இவை.

தீர்மானத்தை ஆடி முதல் வெள்ளிக்கு முன் எழுத்துமூலம் திரும்பப் பெறுங்கள். அன்னதானம், மருத்துவ முகாம், ஆடிக் கூழ் மூன்றுக்கும் எவரும் வரலாம், எந்தக் காகிதமும் கேட்கப்படாது என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் எழுதி வாசலில் ஒட்டுங்கள். வாசலில் நிற்கும் நம் இளைஞர்களுக்கு வேறு வேலை கொடுங்கள்: வரிசையில் முதியவர்களையும் கர்ப்பிணிகளையும் அடையாளம் கண்டு முன்னால் அனுப்ப அவர்களால் முடியும், அதற்கான பயிற்சியை நானும் என்னோடு வேலை பார்த்த செவிலியர்களும் தருகிறோம்.

கோகோவின் வீட்டுக்குத் தலைவரும் செயலாளரும் நேரில் போய் மன்னிப்புக் கேளுங்கள். அவருடைய அட்டைக்கான விண்ணப்பத்தை முடித்துக் கொடுக்கும் பொறுப்பைச் சங்கம் ஏற்கட்டும். உள்துறை அலுவலகத்தில் நாள் முழுக்க நிற்க நம்மிடம் ஓய்வு பெற்றவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம்.

சங்கத்தின் பெயரால் எழுத வேண்டிய கடிதங்கள் இரண்டு உண்டு. மாகாணச் சுகாதாரத் துறைக்கு எழுதுங்கள்: நம் பகுதிக் கிளினிக்குகளில் காலியாக உள்ள பணியிடங்கள் எத்தனை, மருந்து எதனால் தீர்கிறது, திறக்கும் நேரத்தை ஏன் நீட்டிக்கவில்லை என்று கேளுங்கள். உள்துறைக்கு எழுதுங்கள்: புகலிட விண்ணப்பங்களுக்கும் விசா நீட்டிப்புகளுக்கும் பதில் தர ஏன் இவ்வளவு காலமாகிறது, எல்லையில் லஞ்சம் வாங்கிய அதிகாரிகள்மீது என்ன நடவடிக்கை என்று கேளுங்கள். இரண்டு கடிதங்களையும் நான் எழுதித் தருகிறேன், கையெழுத்து வாங்க வீடு வீடாகவும் வருகிறேன்.

அறங்காவலர்களும் சங்கப் பொறுப்பாளர்களும் முதலில் தங்கள் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்பவர்களுக்குச் சட்டப்படியான கூலி தருவதாகப் பொதுக்குழுவில் உறுதி சொல்லட்டும். அனுமதி இல்லாமல் வேலை பார்ப்பவர் இருந்தால், அவர் முறையாக விண்ணப்பிக்க முதலாளியே உதவட்டும்.

பொதுக்குழுவின் அடுத்த கூட்டத்தில் இந்த மடலை முழுவதும் வாசித்து, உறுப்பினர்களைக் கைதூக்கி வாக்களிக்கச் செய்யுங்கள். எனக்குப் பேசப் பத்து நிமிடம் கொடுங்கள். தீர்மானம் நீடிப்பதாக முடிவானால், அதற்கு வாக்களித்தவர்களின் பெயர்களைக் கூட்டக் குறிப்பில் பதிந்து, அந்தக் குறிப்பின் நகலை எனக்கு அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
கோயில் உறுப்பினரும் ஓய்வு பெற்ற செவிலியுமான ஒருத்தி,
சாட்ஸ்வொர்த், டர்பன்.